சக்கரத்தில் சுரக்கும் வெளிச்சம்: ஹப் டைனமோவுடன் 18 மாதங்கள்

பதினெட்டு மாதங்களாக, முதல் ஒரு மாதத்தைத் தவிர, என் சைக்கிளின் விளக்கை நான் அணைத்ததே இல்லை. காலையில் வேலைக்குப் புறப்படும்போது எரிகிறது, உச்சி வெயிலில் எரிகிறது, இரவில் வீடு திரும்பும்போதும் எரிகிறது. வண்டியை நிறுத்திப் பூட்டிய நான்கைந்து நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடுகிறது. இந்தக் காலத்தில் சுமார் 7,500 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அந்தத் தொலைவு முழுவதிலும் விளக்குக்காக ஒரு பேட்டரி மாற்றவில்லை, ஒரு முறைகூட சார்ஜ் போடவில்லை. இதற்குக் காரணமான பொருள், முன்சக்கரத்தின் நடுவில் ஒரு டம்ளர் பருமனில் உட்கார்ந்து, சக்கரம் சுழலும்போது மின்சாரம் தரும் ஹப் டைனமோ. அதையும் அதனோடு சேர்ந்த முன் விளக்கு, பின் விளக்கு இரண்டையும் பற்றியதே இந்த மதிப்புரை. நகரத்துக்குள் நாள்தோறும் சைக்கிளில் போய்வருபவர் தம் வண்டிக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இது எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன், குறைகளையும் அனுபவித்திருக்கிறேன்.

இதற்கு முன் ஆறேழு ஆண்டுகள் சார்ஜ் செய்யும் விளக்குகளையே பயன்படுத்தினேன். அவற்றில் சில மிக நல்ல விளக்குகள். சிக்கல் வெளிச்சத்தில் இல்லை, அவற்றைச் சுற்றியிருந்த வேலைகளில் இருந்தது. கடைக்குள் நுழையுமுன் கழற்றிப் பையில் போட வேண்டும், வெளியே வந்ததும் மாட்ட வேண்டும், வீட்டுக்கு வந்ததும் நினைவாகச் சார்ஜில் போட வேண்டும், காலையில் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்றை வாரத்துக்கு ஒருமுறையாவது மறந்துவிடுவேன். ஒருநாள் மாலை வேலை முடியத் தாமதமாகி, இருட்டிய பிறகு வண்டியை எடுத்தபோது முன் விளக்கு மூன்று முறை சிவப்பாகக் கண்சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. தெருவிளக்கு இல்லாத இரண்டு கிலோமீட்டரை நடைபாதை ஓரமாகத் தள்ளிக்கொண்டே கடந்தேன். கார் ஓட்டுபவர் எவரும் புறப்படுமுன் தம் வண்டியின் விளக்குக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று யோசிப்பதில்லை. அன்றாடப் போக்குவரத்துக்கு உரிய வாகனமாக சைக்கிளை மதிக்கும் ஒருவன், அதன் விளக்கை மட்டும் ஏன் கையில் எடுத்துச் செல்லும் டார்ச்சைப் போல நடத்த வேண்டும் என்ற கேள்வி அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் எனக்குள் உறுதிப்பட்டது.

டைனமோ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பின்சக்கரத்தின் பக்கவாட்டில் சாய்ந்து, டயரை உரசியபடி 'உர்ர்' என்று பாடும் அந்தச் சிறு புட்டிதான். அதைத் தட்டிவிட்ட கணத்தில் வண்டி கனத்துப்போவதும், மழையில் உருளை வழுக்கி விளக்கு மங்குவதும், இறக்கத்தில் வேகம் கூடியபோது பல்பு பளீரென்று எரிந்து ஒரேயடியாகப் போய்விடுவதும் பழைய வண்டிகளை ஓட்டிய எல்லோருக்கும் தெரிந்தவை. ஹப் டைனமோவும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது, ஆனால் அதில் எதுவும் எதையும் உரசுவதில்லை. சக்கரத்தின் ஹப்புக்குள் காந்தங்கள் வளையமாகப் பதிக்கப்பட்டிருக்கும். அசையாத அச்சின்மேல் கம்பிச்சுருள் இருக்கும். சக்கரம் சுழல, காந்தங்கள் சுருளைச் சுற்றி வர, மின்சாரம் பிறக்கிறது. இதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருந்த ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936லேயே 'டைனோஹப்' என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் 1990களில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் வில்ஃப்ரீட் ஷ்மிட் உருவாக்கிய 'சன்' ஹப்புகளும், ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் ஹப்புகளும் இதற்கு மறுவாழ்வு தந்தன. எல்.இ.டி. விளக்குகள் வந்து சேர்ந்த பிறகே இது முழுமை பெற்றது என்பது என் கருத்து. சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட் என்ற பழைய அளவிலேயே இன்றும் நிற்கிறது. அந்த 3 வாட்டில் பழைய பல்புகள் முன்னே 2.4 வாட்டும் பின்னே 0.6 வாட்டுமாகப் பங்கிட்டுக்கொண்டு மஞ்சளாக மினுக்கின. அதே 3 வாட்டைக் கொண்டு இன்றைய எல்.இ.டி. தெருவையே விரித்துக் காட்டுகிறது. எந்த நிறுவனத்தின் ஹப்பை எடுத்தாலும் இந்த அளவு ஏறக்குறைய ஒன்றே என்பதால், நடுத்தர விலையில் நான் வாங்கிய ஒன்றைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

பொருத்துவதுதான் இதில் உள்ள முதல் தடை. ஹப்பை மட்டும் வாங்கி மாட்டிவிட முடியாது. அதைச் சுற்றி முன்சக்கரத்தையே புதிதாகக் கட்ட வேண்டும், அல்லது டைனமோவோடு கட்டி முடித்த சக்கரமாக வாங்க வேண்டும். என் பழைய ரிம் நல்ல நிலையில் இருந்ததால் கட்டுவது என்று முடிவு செய்தேன். ரிம்மில் 36 துளை என்றால் ஹப்பிலும் 36 துளை இருக்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளவும். டைனமோ ஹப்பின் விளிம்பு சாதாரண ஹப்பைவிடப் பெரியது. எனவே பழைய ஸ்போக் கம்பிகள் நீளம் அதிகமாகிப் பயன்படாமல் போகும், புதிய நீளத்தைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். இது தெரியாமல் பழைய கம்பிகளையே முறுக்கிப் பார்த்த ஒரு பட்டறையில் ஒரு வாரம் வீணானது. அடுத்துப் போன இடத்தில் சக்கரம் கட்டுபவர் ஹப்பைக் கையில் வாங்கி, அச்சின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு உடலை விரலால் திருப்பிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு சுழலவில்லை; விக்கி விக்கி, படிப்படியாகத் திரும்பியது. பெட்டியைப் பிரித்ததும் நானும் அப்படித் திருப்பிப் பார்த்து, பேரிங் பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கலங்கியிருந்தேன். அவர் சிரித்தபடி, காந்தம் ஒவ்வொரு துருவமாகப் பிடித்து விடுவதால் வரும் விக்கல் அது என்றும், சக்கரமாகிவிட்டால் தெரியாது என்றும் விளக்கினார். 26 அல்லது 28 துருவங்கள் கொண்ட ஹப்பில் ஒரு சுற்றுக்கு அத்தனை இழுப்பும் அத்தனை தள்ளலும் உண்டு. ஒன்று எடுத்ததை அடுத்தது திருப்பித் தந்துவிடுகிறது. அவர் சொன்னபடியே, கட்டி முடித்து வண்டியில் ஏற்றிய பிறகு அந்த விக்கலை ஹேண்டில்பாரில் நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை. புதிதாகக் கட்டிய எந்தச் சக்கரத்துக்கும் போல, முதல் 300 கிலோமீட்டரில் கம்பிகள் சற்றுத் தளர்ந்தன. ஒருமுறை கோட்டம் எடுத்த பிறகு இன்றுவரை அப்படியே நேராக ஓடுகிறது.

இனி வெளிச்சம். விளக்கு வாங்குபவர்கள் லூமன் எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். லூமன் என்பது விளக்கு வெளியே கொட்டும் மொத்த ஒளியின் அளவு. அந்த ஒளி சாலையில் விழுகிறதா, மரக்கிளையில் விழுகிறதா, எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறதா என்பதை அது சொல்வதில்லை. டைனமோ விளக்குகள் லக்ஸ் கணக்கில் விற்கப்படுகின்றன. குறிப்பிட்ட தொலைவில் ஓர் இடத்தின்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதே லக்ஸ். இந்த விளக்குகளில் பெரும்பாலானவை ஜெர்மனியின் வாகன விதிகளுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டவை. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்று அந்த விதிகள் கண்டிப்பாகச் சொல்வதால், ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். கார் விளக்கின் தாழ்ந்த ஒளியைச் சுவரில் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலே போய் வீணாகியிருக்கக்கூடிய ஒளி முழுவதும் கண்ணாடிக் குழிவால் கீழே திருப்பப்பட்டு, அருகில் குறைவாகவும் தொலைவில் அதிகமாகவும், சாலை முழுக்க ஒரே சீராகப் படர்கிறது. முன்பு என்னிடம் இருந்த பேட்டரி விளக்கு லூமன் எண்ணிக்கையில் இதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் அது சக்கரத்துக்கு முன்னால் கண்ணைப் பறிக்கும் ஒரு வெள்ளை வட்டத்தைப் போட்டுவிட்டு, அதற்கு அப்பால் இருந்த இருட்டை இன்னும் கறுப்பாக்கியது. இந்த 3 வாட் விளக்கில் இருபது, இருபத்தைந்து மீட்டருக்கு அப்பாலும் சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரிகிறது. எதிரே நடந்து வருபவர்கள் முன்பெல்லாம் கையைத் தூக்கிக் கண்ணை மறைப்பார்கள். இப்போது அப்படி யாரும் செய்வதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த விளக்கின்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

விளக்கை எந்த உயரத்தில் வைப்பது என்பதும் வாங்குமுன் யோசிக்க வேண்டியது. ஹேண்டில்பாரில் வைத்தால் ஒளி கண்ணின் கோணத்துக்கு அருகிலிருந்து புறப்படுகிறது. குழியின் நிழல் குழிக்குள்ளேயே மறைந்துவிடுவதால் சாலை பொய்யாகச் சமமாகத் தெரியும். ஃபோர்க்கின் தலைப்பகுதியில், மட்கார்டுக்கு மேலே வைத்தால் ஒளி தாழ்வாகப் போய், விரலளவு பள்ளம்கூட நீளமான நிழலாக எழுந்து நிற்கும். முதல் இரண்டு நாள் நான் எல்லா நிழலுக்கும் பயந்து பிரேக் பிடித்தேன். மூன்றாம் நாள் முதல் நிழலின் நீளத்தைக் கொண்டே ஆழத்தை அளக்கக் கண் பழகிவிட்டது. இன்னும் கீழே இறக்கி அச்சருகில் பொருத்துபவர்கள் உண்டு, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்டயரே ஒரு பக்கத்துச் சாலையை மறைத்து நிழல் போடும். சாய்வைச் சரிசெய்ய, வண்டியைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்ற, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடத் தாழ்வாக விழும்படி திருகை இறுக்கினேன். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாவிட்டால் நல்ல விளக்கும் கெட்ட விளக்காகிவிடும்.

'மிதிக்கக் கனமாக இருக்குமே' என்பதுதான் என்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி. விளக்கு எரியும்போது ஹப் டைனமோ சவாரி செய்பவரிடமிருந்து எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 5 வாட், ஒன்றிரண்டு முன்னே பின்னே. சாதாரணமாக ஊருக்குள் மிதிப்பவர் 75 முதல் 100 வாட் வரை செலவிடுகிறார். ஆளும் வண்டியுமாக 100 கிலோ எடையோடு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவருக்கு அந்த 5 வாட் என்பது, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் உயரம் ஏறும் சாலையில் போவதற்குச் சமம். அப்படி ஒரு ஏற்றத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டயரில் காற்று குறைந்துபோனாலே இந்த அளவு சக்தி வீணாகிவிடலாம். எனக்கே நம்பிக்கை வராமல், முதல் மாதத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் விளக்கை இணைத்தும் பிரித்தும் அதே வழியில் ஓட்டி நேரம் குறித்தேன். சிக்னல்களும் எதிர்க்காற்றும் ஏற்படுத்திய வித்தியாசத்துக்குள் டைனமோவின் வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. நேரத்தைத் துளித்துளியாகக் கணக்கிட்டு ஓட்டும் பந்தய வீரர்களுக்கு 5 வாட் பெரிய இழப்பு. அவர்களுக்கு இது தேவையும் இல்லை. எடையும் அப்படித்தான்: சாதாரண ஹப்பைவிடக் கால் கிலோ முதல் அரை கிலோ வரை கூடுதல். என் பூட்டு அதைவிடக் கனம்.

சிக்னலில் நின்றால் விளக்கு அணைந்துவிடுமே என்ற கவலைக்கு இப்போதைய விளக்குகள் விடை வைத்திருக்கின்றன. உள்ளே இருக்கும் மின்தேக்கி ஓடும்போது நிரம்பிக்கொள்கிறது. நின்ற பிறகு நான்கைந்து நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் சிறிய ஒளியைக் காத்து நிற்கிறது. வாங்கும்போது இந்த வசதி இரண்டு விளக்கிலும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கவும், குறிப்பாகப் பின் விளக்கில். இருட்டில் சாலை நடுவே திரும்புவதற்காகக் காத்து நிற்கும் அரை நிமிடத்தில் முதுகுக்குப் பின்னால் சிவப்பு ஒளி இருக்கிறது என்று உறுதியாகத் தெரிவது பெரிய தெம்பு.

பகலிலும் எரியவிடுவது வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2004–05இல் சுமார் 4,000 சைக்கிள் ஓட்டுநர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினரின் வண்டியில் காந்தத்தால் இயங்கி எப்போதும் எரிந்துகொண்டேயிருக்கும் விளக்குகள் பொருத்தப்பட்டன. மற்றவர்கள் வழக்கம் போல ஓட்டினார்கள். காயம் ஏற்பட்ட விபத்துகளின் விகிதம் எப்போதும் எரியும் விளக்கு வைத்திருந்தவர்களிடம் 19 சதவீதம் குறைவாக இருந்தது. அதைப் படித்த பிறகுதான் என் விளக்கின் சுவிட்சைத் தொடுவதை நிறுத்தினேன். மரநிழலும் வெயிலும் மாறிமாறி விழும் சாலையில், பக்கத்துத் தெருவிலிருந்து மூக்கை நீட்டும் வண்டிகள் இப்போது முன்பைவிடச் சற்று முன்னதாகவே நிற்கின்றன என்பது என் சொந்தக் கவனிப்பு.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, நடை வேகத்தில் விளக்கு துடிக்கிறது. டைனமோவின் மின்சாரம் அலையலையாக வருவது. சக்கரம் மெல்லச் சுழலும்போது அந்த அலைகளைக் கண் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிடும். கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போகும்போதும், செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறும்போதும் இது எரிச்சலூட்டும். மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டரைத் தாண்டியதும் மறைந்துவிடும். முழு வெளிச்சத்துக்கு என் விளக்கில் மணிக்கு 15 கிலோமீட்டராவது வேண்டியிருக்கிறது. மண்பாதையில் மிக மெதுவாகப் போக வேண்டியவர்கள் இதைப் பெரிய குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை கம்பி. ஹப்பிலிருந்து முன் விளக்குக்கு ஒன்று, அங்கிருந்து சட்டம் வழியாகப் பின் விளக்குக்கு ஒன்று என இரண்டு மின்கம்பிகள் ஓடுகின்றன. ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் கம்பிக்குத் தளர்வு விடாமல் இறுக்கிக் கட்டிய என் தவறால் ஒன்பதாம் மாதம் பின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஒரு மழைநாளில் முற்றிலும் நின்றது. உறை முழுதாக இருந்தது, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேவைப்பட்டது. கழுத்துப் பகுதியில் ஒரு சாண் அளவுக்குத் தொங்கவிட்டு, மற்ற இடங்களில் பிரேக் கேபிளோடு சேர்த்துக் கட்டினால் இந்தத் தொல்லை வராது.

மூன்றாவது, பஞ்சர். முன்சக்கரத்தைக் கழற்றுமுன் ஹப்பின் இணைப்பைப் பிடுங்க வேண்டும், திரும்ப மாட்டிய பின் நினைவாக இணைக்க வேண்டும். ஒருமுறை மழையில் டியூப் மாற்றிவிட்டு அவசரமாகப் புறப்பட்டு, கால் கிலோமீட்டர் போன பிறகே முன்னால் இருட்டாக இருப்பதைக் கவனித்தேன். சக்கரத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டாலும் இணைப்பு எதிர்ப்பக்கம் போய்விடும். பஞ்சர் ஒட்டக் கொடுக்கும்போது இதைச் சொல்லியே கொடுக்கிறேன். கோன், பால்ஸ் (கூம்புத் திருகும் எஃகுக் குண்டுகளும்) வைத்த வகை ஹப் என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உள்ளிருந்து வரும் மெல்லிய கம்பி அச்சின் ஒரு பக்கமாகத்தான் வெளியேறுகிறது. அந்தப் பக்கத்தை கிரீஸ் போடுவதற்காகத் திருகித் திறந்தால் கம்பி அறுந்து ஹப்பே வீணாகும்.

இதே டைனமோவிலிருந்து கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவிகளும் கிடைக்கின்றன. ஒன்றை இரண்டு மாதம் வைத்திருந்து கழற்றிவிட்டேன். விளக்கும் எரிந்துகொண்டு கைபேசிக்கும் ஏற 3 வாட் போதாது. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊர்ப் பயணத்தில் கைபேசி ஏறுவதும் நிற்பதுமாகத் தடுமாறுகிறது. நாள் முழுக்க நிற்காமல் ஓட்டும் நெடும்பயணக்காரர்களுக்கே அது உதவும்.

யார் வாங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஒரே வண்டியை ஆண்டு முழுவதும், இருட்டானாலும் மழையானாலும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம் என்பேன். மாதத்தில் இரண்டு இரவு மட்டும் ஓட்டுபவர்களுக்கும், வண்டியை அடிக்கடி மாற்றுபவர்களுக்கும் நல்ல பேட்டரி விளக்கு ஒன்றே போதும். இதன் விலையும் சக்கரம் கட்டும் கூலியும் அவர்களுக்குத் திரும்ப வராது. பணத்தை எங்கே அதிகம் போடுவது என்றால், ஹப்பைவிட முன் விளக்கில் போடுங்கள். நடுத்தர ஹப்புக்கும் மிக உயர்ந்த ஹப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கால் உணராது, நல்ல விளக்குக்கும் சுமாரான விளக்குக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் இரவிலேயே கண் உணர்ந்துவிடும்.

என் பழைய பேட்டரி விளக்குகளில் சிறியது ஒன்று இன்னமும் கருவிப் பைக்குள் கிடக்கிறது. இருட்டில் பஞ்சர் பார்க்கும்போது சக்கரம் சுழலாது என்பதால் அது வேண்டியிருக்கிறது. மற்ற இரண்டையும் புதிதாக சைக்கிள் ஓட்டத் தொடங்கிய நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இருக்கும் இரண்டாவது வண்டி 32 துளை ரிம். அதற்கான ஹப்புக்குச் சொல்லிவைத்து, ஸ்போக் கம்பிகளை இந்த முறை முன்கூட்டியே அளந்து வாங்கி வைத்திருக்கிறேன்.